ஒரே ஒரு ஊசி போதுமா, டாக்டர்?

எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியில் பழைய பிஸ்கட் டப்பா ஒன்று உண்டு. உங்கள் வீட்டிலும் இருக்கும். ஜுரத்துக்கு, பல்வலிக்கு, தொண்டைக் கட்டுக்கு என்று எப்போதோ வாங்கி, பாதி சாப்பிட்டு, மீதியை 'எதற்காவது ஆகும்' என்று போட்டு வைத்த மாத்திரை அட்டைகள் அதில் கிடக்கும். பத்து மாத்திரை எழுதிக் கொடுத்தால் ஆறோடு நிறுத்திவிடுவோம். அதைச் சிக்கனம் என்று வேறு நினைத்துக்கொள்வோம். அந்த டப்பா கொடுத்த அசட்டுத் தைரியம்தான் 2023 மே மாதம் என் பெண்ணின் ஆபரேஷனையே கெடுக்கப் பார்த்தது.

நித்யாவுக்கு அப்போது எட்டு வயசு. மூன்று வயசில், 2018-ல், அடுப்பு மேடையிலிருந்த ரசப் பாத்திரத்தை எட்டி இழுத்துவிட்டாள். வலது அக்குள், விலாப்பக்கம், மேல்கை எல்லாம் வெந்துபோயிற்று. பதறிப்போன என் மாமியார் இட்லி மாவை எடுத்து அப்பினார். நானும் தடுக்கவில்லை. (குழாயைத் திறந்து சாதாரணத் தண்ணீரை இருபது நிமிஷம் காட்டியிருக்க வேண்டும், மாவு, மை, பற்பசை எதுவும் கூடாது என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.) புண் ஆற ஒன்றரை மாசம் பிடித்தது. அப்பாடா என்று மூச்சு விட்டால், தழும்பு தடித்து, வருஷத்துக்கு வருஷம் சுருங்கி, கையை விலாவோடு இழுத்துத் தைத்தாற்போல் பிடித்துக்கொண்டது. தோள் உயரத்துக்கு மேல் கை போகாது. தலை வாரிக்கொள்ள முடியாது. வகுப்பில் பதில் தெரிந்தால் இடது கையைத் தூக்குவாள். பாவாடை சட்டையை நான்தான் மாட்டிவிட வேண்டும். "எனக்கு ஏம்மா இந்தக் கை மட்டும் கோபமா இருக்கு?" என்று ஒருநாள் கேட்டாள் பாருங்கள், அன்றைக்குத்தான் திருச்சிக்குப் புறப்பட்டோம்.

பிளாஸ்டிக் சர்ஜரி என்றால் சினிமாக்காரர்கள் மூக்கைச் சரிசெய்து கொள்வது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அந்தப் பிரிவில் போய் உட்கார்ந்த பிறகல்லவா தெரிந்தது! உதடு பிளந்து பிறந்த குழந்தை, மெஷினில் விரல் போன இளைஞர், ஸ்டவ் வெடித்துக் கழுத்து ஒட்டிப்போன பெண், இப்படி ஒரு கூட்டம். அழகுக்காக வந்தவர் என்று ஒருவரைக்கூட நான் பார்க்கவில்லை.

எங்கள் டாக்டரம்மா நிதானமானவர். சுருங்கின தழும்பை வெட்டி விடுவிப்பது, விடுவித்ததும் அங்கே பெரிய பள்ளம் விழும், அதில் தொடையிலிருந்து மெல்லிசாகச் சீவி எடுத்த தோலை ஒட்டுவது. இதுதான் ஆபரேஷன். தழும்பின் மடிப்பில் ஒரு சின்னக் கீறல் புண் இருந்தது. அதைப் பஞ்சுக் குச்சியால் ஒற்றிப் பரிசோதனைக்கு அனுப்பினார். அது முழுக்க ஆறட்டும் என்று ஆபரேஷனைப் பத்து நாள் தள்ளியும் போட்டார். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமிகளில் ஒரு வகை இருந்துவிட்டால் ஒட்டின தோல் மொத்தமும் கரைந்துபோய்விடுமாம். இவ்வளவு பயப்படுகிறவர் மருந்தை வாரி வாரி எழுதப்போகிறார் என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன்.

முந்தின நாள் ராத்திரி சோப்புப் போட்டுக் குளிக்க வைக்கச் சொன்னார்கள். மறுநாள் மேஜையில் படுக்க வைத்து, மயக்க மருந்து கொடுக்கும்போது, ஸெஃபசோலின் என்ற ஆன்டிபயாட்டிக்கை எடைக்குத் தகுந்தபடி நரம்பில் ஏற்றினார்களாம். மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்று சீட்டு வந்தது. சீட்டில் வலிக்கு ஒரு பாராசிட்டமால் சிரப் மட்டும் இருந்தது. அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். வெற்றுத் தாள்.

"ஆன்டிபயாட்டிக் எழுதலையே, சிஸ்டர்?"

"ஆபரேஷனுக்கு முன்னாடியே போட்டாச்சும்மா. அது போதும்."

"ஒரே ஒரு ஊசியா?"

"ஒரே ஒரு ஊசிதான்."

சனிக்கிழமை முதல் கட்டுப் பிரிக்க வரவேண்டும் என்பதால் ஊருக்குப் போகாமல் திருச்சியிலேயே என் நாத்தனார் வசந்தி வீட்டில் தங்கினோம். கையை விரித்துப் பிடிக்க ஒரு சட்டம், அக்குளில் தலையணை மாதிரி கட்டு, தொடையில் இன்னொரு கட்டு. குழந்தையைப் பார்த்ததும் மாமியாருக்குத் தாங்கவில்லை. "இவ்வளவு அறுத்திருக்காங்க, ஒரு கேப்ஸ்யூல்கூடக் கொடுக்கலேன்னா எப்படி? நித்யா பொறந்தப்போ உனக்கு ஏழு நாள் கொடுத்தாங்களே!" என்றார். வாஸ்தவம்தானே? என் சிசேரியனுக்கு ஏழு நாள், என் கணவரின் குடலிறக்க ஆபரேஷனுக்கு ஐந்து நாள். குழந்தைக்கு மட்டும் ஒன்றுமில்லையா? இவரிடம் சொன்னால் 'டாக்டரைக் கேள்' என்பார். சாயந்திரம் பால் வாங்கப் போகிற சாக்கில் தெருமுனை மருந்துக்கடைக்குப் போனேன். சீட்டு எங்கே என்று கடைக்காரத் தம்பி கேட்கவேயில்லை. "ஆபரேஷன் ஆன குழந்தைக்கு ஆன்டிபயாட்டிக் இல்லாமலா, அக்கா?" என்று எனக்கே பாடம் சொல்லி, அமாக்ஸிஸிலினும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்த சிரப் ஒன்றைக் கொடுத்தான். புதன் ராத்திரியே ஆரம்பித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வயிறு போக ஆரம்பித்தது. ராத்திரிக்குள் ஒன்பது தடவை. கையில் சட்டம் கட்டின குழந்தையைக் குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குள் ஆகிவிடும். தொடைக் கட்டு நனைந்து, அசிங்கமாகி, நாற்றம் வந்துவிட்டது. கட்டை நாமாகப் பிரிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பிரிக்கவும் பயம், அப்படியே விடவும் பயம். விடிய விடிய உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விடிந்ததும் ஆட்டோ பிடித்தோம்.

டாக்டரம்மா குழந்தையின் நாக்கைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என்ன கொடுத்தீங்க?" என்றார். 'ஏதாவது கொடுத்தீர்களா' என்று கேட்கவில்லை! பைக்குள்ளிருந்து பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அத்தை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் அக்குள் கட்டைப் பிரித்தார்கள். நல்ல வேளை, அந்தப் பக்கம் ஈரம் போகவில்லை. தோல் இளஞ்சிவப்பாக ஒட்டியிருந்தது. தொடைதான் கெட்டிருந்தது. இரண்டு வாரத்தில் ஆற வேண்டிய இடம் சீழ் கோத்து, நான்கு வாரத்துக்குமேல் இழுத்தடித்தது. சீழ் வரக் கூடாது என்று நான் கொடுத்த மருந்தாலேயே சீழ் வந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

கத்திக்கு முன்னால்

அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. எல்லாம் முடிந்த பிறகு உட்கார வைத்து, "ஊறுகாய் போடுவீங்களா?" என்று கேட்டார். போடுவேன் என்றேன்.

"உப்பை எப்போ போடுவீங்க?"

"மாங்காய் நறுக்கின அன்னிக்கே."

"பூசணம் பூத்தப்புறம் போட்டா?"

பதில் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று.

நம் தோலின்மேல் எப்போதும் கிருமிகள் இருக்கின்றன. எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும், மயிர்க்கால்களின் அடியில் இருப்பவை போகாது. கத்தி வைத்த கணத்தில் அவற்றில் சில உள்ளே விழுகின்றன. அந்த நேரத்தில் ரத்தத்திலும் சதையின் ஈரத்திலும் மருந்து தயாராக ஊறியிருந்தால் அவை தலையெடுக்க முடியாது. அதற்காகத்தான் கத்தி வைப்பதற்கு முந்தின ஒரு மணி நேரத்துக்குள் ஊசியை ஏற்றிவிடுகிறார்கள். ஆபரேஷன் நான்கு மணி நேரத்தைத் தாண்டினாலோ, ரத்தம் அதிகம் போனாலோ மேஜையிலேயே இன்னொரு தடவை ஏற்றுவார்கள். தையல் முடிந்து, உள்ளே ரத்தம் உறைந்து, கிருமி குடியேறிவிட்ட பிறகு ஐந்து நாள், ஏழு நாள் என்று விழுங்குகிற மாத்திரை அந்த இடத்துக்கு ஒழுங்காகப் போய்ச் சேருவதே இல்லை. வயிற்றில் இருக்கிற நல்ல கிருமிகளைக் கொல்லத்தான் அது உதவும். நித்யாவுக்கு நடந்தது அதுதான்.

இது ஏதோ இவருடைய சொந்த அபிப்பிராயம் இல்லை. பாஸ்டன் நகரத்து சர்ஜன் ஜான் பர்க் 1961-லேயே கினிப் பன்றிகளை வைத்துச் சோதித்துக் காட்டியிருக்கிறார். தோலுக்கடியில் கிருமியைச் செலுத்தி, சிலவற்றுக்கு முன்கூட்டியே மருந்து கொடுத்தார். சிலவற்றுக்குக் கூடவே கொடுத்தார், சிலவற்றுக்குத் தாமதித்துக் கொடுத்தார். முன்கூட்டிக் கொடுத்தவற்றில் ஏதோ செத்த கிருமியைப் போட்டாற்போல் சின்ன வீக்கத்தோடு நின்றுவிட்டது. மூன்று மணி நேரம் கழித்துக் கொடுத்தவற்றில் மருந்தே கொடுக்காதது போல ஆயிற்று. (இதே பர்க்தான் பிற்பாடு இயானிஸ் யானஸ் என்பவரோடு சேர்ந்து தீக்காயக்காரர்களுக்குச் செயற்கைத் தோலை உருவாக்கினவர். அந்தச் செய்தி வெளிவந்தது 1981-ல்.)

மனிதர்களிடம் பார்த்த கணக்கு 1992-ல் வந்தது. அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டியில் ஓர் ஆஸ்பத்திரியில் 2,847 பேரை, யாருக்கு எத்தனை மணிக்கு மருந்து போயிற்று என்று குறித்துப் பார்த்தார்கள். கத்திக்கு முந்தின இரண்டு மணி நேரத்துக்குள் வாங்கினவர்களில் ஆயிரத்துக்கு 6 பேருக்குத்தான் புண் பழுத்தது. அதற்கும் வெகு முன்னால் வாங்கினவர்களில் ஆயிரத்துக்கு 38. கத்தி வைத்து மூன்று மணி நேரத்துக்குப் பிறகு வாங்கினவர்களில் 33. நேரம் தவறினால் மருந்து இருந்தும் பிரயோஜனம் எவ்வளவு குறைந்துபோகிறது, பாருங்கள்!

உலக சுகாதார நிறுவனம் 2016-ல் வெளியிட்ட வழிமுறையில், ஆபரேஷன் முடிந்த பிறகு தடுப்பு மருந்தை நீட்டிக்க வேண்டாம் என்று எழுதிவிட்டது. சிசேரியனுக்கும் இன்றைக்கு அதே முறைதான்: கத்திக்கு முன் ஊசி. பிள்ளைத்தாய்ச்சிகள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக் சர்ஜரியைப் பொறுத்தவரை அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன்கள் சங்கம் 2015-ல் ஒரு படி மேலேயே போய், சுத்தமான தோல், கை, தலை-கழுத்து ஆபரேஷன்களுக்கும் வயிற்றுத் தொங்கல் தோலை எடுக்கும் ஆபரேஷனுக்கும் தடுப்பு ஆன்டிபயாட்டிக்கே சிபாரிசு இல்லை என்றது. மார்பக ஆபரேஷனுக்கும், அழுக்குப் பட்ட கைக்காயம், முகக்காயம் போன்றவற்றுக்கும் வேண்டும் என்றது. "அப்படியானால் நித்யாவுக்கு ஏன் போட்டீர்கள்?" என்று கேட்டேன். கேட்கிற நியாயம் எனக்கு இல்லைதான், இருந்தாலும் கேட்டேன். "பெரிய பள்ளம், ரெண்டு இடத்துல புண், அக்குள் வேர்த்து ஊறுற இடம், மடிப்புல புண் இருந்து ஆறினது. அதனால ஒண்ணு போட்டேன். ரெண்டாவது போட எனக்குக் காரணம் கிடைக்கலை" என்றார்.

ஒட்டின தோலைப் பற்றி அவர் சொன்னதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தொடையிலிருந்து சீவி எடுத்த தோலுக்கு ரத்த ஓட்டமே கிடையாது. முதல் இரண்டு நாள் அடியில் ஊறுகிற நீரை உறிஞ்சிக்கொண்டுதான் உயிரோடிருக்கும். அதற்கப்புறம்தான் கீழேயிருந்து மெல்ல மெல்ல ரத்தக் குழாய்கள் ஏறும். ரத்தமே போகாத இடத்துக்கு ரத்தத்தில் போகிற மருந்து எப்படிப் போகும்? அந்தத் தோலுக்கு முதல் எதிரி அசைவு. அடுத்தது அடியில் ரத்தம் கட்டிக்கொள்வது. இந்த இரண்டையும் தடுக்கத்தான் அந்தத் தலையணைக் கட்டும் கைச் சட்டமும். அரித்தால் குச்சியை உள்ளே விட்டுச் சொறியாமல் குழந்தையை ஐந்து நாள் வேடிக்கை காட்டி வைத்திருந்தது ஒரு பாட்டில் சிரப்பைவிடப் பெரிய வைத்தியம் என்றார். அதை அத்தைதான் செய்தார். பல்லாங்குழியை இடது கையால் ஆடக் கற்றுக் கொடுத்து, தானே தோற்றுக்கொண்டும் இருந்தார்.

பெனிசிலின் கண்டுபிடித்ததே 1928-ல்தான். அதற்கு முன்பே, முதல் உலகப் போரில் முகம் சிதைந்த சிப்பாய்களுக்கு ஹரால்டு கில்லீஸ் என்பவர் இங்கிலாந்தில் தோல் வைத்துத் தைத்திருக்கிறார். உடம்போடு ஒட்டினபடியே தூக்கின தோல் பட்டையின் பச்சைப் புண் பக்கம் வெளியே தெரிந்தால் சீழ் பிடிக்கும். 1917-ல் அவர் அந்தப் பட்டையின் இரண்டு ஓரங்களையும் சேர்த்துக் குழாய் மாதிரி சுருட்டித் தைத்துவிட்டார். புண் உள்பக்கம் மூடிக்கொண்டது. ஒரு சொட்டு மருந்தில்லாமல் தையலாலேயே கிருமிக்குக் கதவடைத்த மனிதர்! நாம் என்னடாவென்றால் கையைக்கூடக் கழுவாமல் நோயாளியின் கட்டிலில் போய் உட்கார்ந்து, ஆப்பிள் நறுக்கிக் கொடுத்துவிட்டு, 'ஆன்டிபயாட்டிக் உண்டா?' என்று விசாரிக்கிறோம்.

இதிலே ஒன்று சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டு, டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தை யாரும் நிறுத்திவிடாதீர்கள். தடுப்புக்குக் கொடுப்பது வேறு, வைத்தியத்துக்குக் கொடுப்பது வேறு. நாய் கடித்த காயம், சேற்றில் விழுந்து கிழிந்த காயம், ஏற்கெனவே பழுத்த புண், இவற்றுக்கெல்லாம் நாள் கணக்கில் மருந்து வேண்டியிருக்கும். அண்ணம் பிளந்த குழந்தைகளுக்கு ஆபரேஷனுக்குப் பிறகும் சில நாள் கொடுக்கிற டாக்டர்கள் உண்டு. வாய் தோலைப் போலத் துடைத்துச் சுத்தம் செய்துவிடக்கூடிய இடமா என்ன? நித்யாவின் தொடையில் சீழ் கண்ட பிறகு அவளுக்கும் பரிசோதனை செய்து, அந்தக் கிருமிக்கு ஏற்ற மருந்தை எழுதித்தான் கொடுத்தார்கள். அதை ஒரு வேளை தவறாமல், கடைசிச் சொட்டு வரை கொடுத்தேன்.

எந்த நேரத்தில் டாக்டரிடம் ஓட வேண்டும் என்பதையும் அன்றைக்கே கேட்டுக்கொண்டேன். ஆபரேஷன் வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். மூன்றாம் நாளுக்குப் பிறகு கூடினால் அது சரியில்லை. காய்ச்சல், கட்டைத் தாண்டிப் பரவும் சிவப்பு, நாற்றம், சீழ், இதில் ஒன்று தெரிந்தாலும் போன் செய்துவிட்டுப் புறப்பட வேண்டியதுதான். ஆபரேஷனுக்கு முதல் நாள் வீட்டில் பிளேடு வைத்து ரோமம் மழிக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்து அதில் கிருமி சேருமாம். அகற்றத்தான் வேண்டும் என்றால் ஆஸ்பத்திரியிலேயே கத்தரிக்கிற கருவியால் எடுத்துவிடுவார்கள். பெரியவர்களுக்கு ஆபரேஷன் என்றால் சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும், புகை பிடிப்பவர் சில வாரம் முன்பே நிறுத்த வேண்டும். முக்கியமாக, 'ஊசி எப்போது போடுவீர்கள், எத்தனை நாளைக்கு, ஏன்?' என்று டாக்டரிடமே கேட்டுவிடுங்கள். மருந்துக்கடையில் போய்க் கேட்காதீர்கள்.

ஊருக்குத் திரும்பியதும் அந்த பிஸ்கட் டப்பாவைக் கொட்டிப் பார்த்தேன். பாதிக்குமேல் சிவப்புக் கோடு போட்ட அட்டைகள். டாக்டர் சீட்டில்லாமல் இவற்றை உட்கொள்ளாதீர்கள் என்று ஜனங்களுக்குச் சொல்ல நம் அரசாங்கம் 2016-ல் பிரசாரம் செய்த கோடு அது. ஏழு வருஷமாக என் அலமாரியிலேயே இருந்திருக்கிறது. நான்தான் அழகுக்குப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்!

நித்யாவின் கை மேலே போக ஆறு மாசம் ஆயிற்று. ராத்திரிச் சட்டம், இறுக்கமான பனியன், தேங்காயெண்ணெய் தேய்ப்பு, சுவரில் விரலால் ஏறும் பயிற்சி. சுவரில் பென்சிலால் கோடு போட்டு வைத்தோம், கதவு நிலைக்கு மேல் போனபோது வசந்தி புதுப் பாவாடை வாங்கித் தந்தாள். இப்போது தானே பின்னிக்கொள்கிறாள். வகிடு மட்டும் கோணல்.

குழந்தை வளர வளரத் தழும்பு கொஞ்சம் இழுக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அதன்படி 2025 மே மாதம் மறுபடியும் போனோம். இந்தத் தடவை ஒட்டுத் தோல் இல்லை. தழும்பில் ஆங்கில இஸட் எழுத்துப் போல வெட்டி, முனைகளை இடம் மாற்றித் தைப்பது மட்டும்தான். அத்தையும் கூடவே வந்திருந்தார். டாக்டரம்மா எல்லாம் விளக்கிவிட்டு, "சுத்தமான தோல், சின்ன வேலை. இதுக்கு அந்த ஒரு ஊசிகூட வேண்டாம்" என்றார்.

அத்தை என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். நான் வாயைத் திறக்கவில்லை. மாத்திரை, சிரப், எதுவும் இல்லாமல் புண் எட்டாம் நாள் ஆறித் தையல் பிரித்தாயிற்று. ஊருக்கு வந்த அன்று சாயந்திரம் பக்கத்து வீட்டுக் கமலாவிடம் திண்ணையில் உட்கார்ந்து அத்தை சொல்லிக்கொண்டிருந்தது சமையலறை வரை கேட்டது: "போன தடவை ஒரு ஊசியாவது போட்டாங்க. இந்தத் தடவை அதுவுங்கூட இல்லடி, கமலா! ஆனா பீஸ் மட்டும் குறைக்கல!"